மஞ்சள் பேக்கேஜ்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. பத்தொன்பது வருடமாகப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பார்த்துவரும் மலேசிய அரசாங்க நர்ஸ் உஷாராணிக்கு, சென்ற டிசம்பரில் எல்லாப் பிடித்தமும் போக வங்கியில் வந்து விழுந்த சம்பளம் அது.

தாளில் பார்த்தால் சம்பளம் மோசமில்லை. மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வரும். ஆனால் புருஷன் திருச்செல்வத்துக்கு லோரி வாங்க அவள் பேரில் எடுத்த கூட்டுறவுக் கடன் அதில் பெரும்பகுதியை முதலிலேயே எடுத்துக்கொள்ளும். லோரி இப்போது இல்லை. செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேரு வளைவில் திரும்பும்போது கவிழ்ந்து, திருச்செல்வத்தின் இடுப்பெலும்பையும் நொறுக்கிவிட்டுப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கடன் மட்டும் போகவில்லை. அது முடிய இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

உஷாராணியின் கிளினிக் கிள்ளானிலிருந்து காப்பாரைத் தாண்டிப் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் பாதி எழும்பி நின்றுபோன வீடமைப்புத் திட்டம். இரண்டு அறை, ஒரு தராசு, சுவரில் தாய்ப்பால் சுவரொட்டி. அங்கே அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் மிஸ்ஸிதான். பிள்ளை பெற்று வீடு வந்தவர்களை அவள் தன் காடியைத் தானே ஓட்டிக்கொண்டு தேடிப்போய்ப் பார்ப்பாள். தையல் ஆறுகிறதா, பால் சுரக்கிறதா, பிள்ளைக்குக் காமாலை கண்டிருக்கிறதா. இந்த மூன்றில் கடைசியைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். குழந்தையின் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பாள். ரத்தம் விலகிய இடம் வெளுத்தால் நல்லது. மஞ்சளித்தால் நெஞ்சு, வயிறு, தொடை என்று அழுத்திக்கொண்டே கீழே போவாள். காமாலை தலையிலிருந்து காலுக்கு இறங்கும். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து.

அதனால்தான் அவளுக்கு மஞ்சள்தூள் ஆகாது. நவம்பரில் ஒரு வீட்டில் நடந்தது இது. மலர்விழி என்ற புதுத் தாய் பிள்ளையை நீட்டியதும் உஷாராணியின் குரல் உயர்ந்துவிட்டது.

"இது யாரு வேலை?"

"எங்க மாமிதான் மிஸ்ஸி."

அடுப்படியிலிருந்து மாமியார் தங்கமணியின் பதில் வந்தது. "நான்தான் பூசுனேன். என் நாலு புள்ளைக்கும் பூசுனேன். நாலும் லோரி மாதிரி நிக்குது."

"நிக்கட்டும் மாமி, நல்லா நிக்கட்டும். இது என்ன கலர்னு நான் எப்படிப் பாக்குறது? கோழிக்கு மசாலா தடவுன மாதிரி தடவி வெச்சிருக்கீங்க. காமாலை வந்தா மூளைக்கு ஏறிடும், தெரியுமா?"

"கோவிக்காதீங்க லா மிஸ்ஸி. தேத்தண்ணி கலக்கவா?"

"மொதல்ல ஈரத்துணி கொண்டாங்க. அப்புறம் தேத்தண்ணி."

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஆனால் பிள்ளையைக் கால்விரல் வரை துடைத்துப் பார்க்காமல் குவளையைத் தொடவில்லை. அந்த வட்டாரத்தில் மஞ்சள் டப்பாவை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. மிஸ்ஸியின் காடி சத்தம் கேட்டால் அது அலமாரிக்குள் போய்விடும்.

கம்பத்தில் இருக்கிறவளுக்கு என்ன செலவு என்று பட்டணத்துக்காரர்கள் கேட்பார்கள். உஷாராணியிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கிளினிக்குக்குப் பின்னாலிருந்த அரசாங்கக் குடியிருப்பின் கூரை இறங்கிவிட்டது என்று பூட்டிவிட்டார்கள். வெளியில் வீடு தேடினால், தொழிற்சாலைக்காரர்கள் வெளிநாட்டு ஆட்களைத் தங்கவைக்க வரிசையாக எடுத்து வாடகையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே கடல். ஆனால் மீன் விடியும் முன்னே கிள்ளான் பாசாருக்குப் போய், அங்கே விலை ஏறி, பிற்பகலில் வேன்காரரோடு திரும்பி வரும். சமையல் வாயு, அரிசி, மகள் வாணியின் பள்ளிச் சப்பாத்து, எதுவானாலும் அதன் தலையில் ஒரு வண்டிக்கூலி உட்கார்ந்திருக்கும். பஸ் கிடையாது. காடி நின்றால் சோறு நிற்கும்.

டிசம்பரில் காடி நின்றது. கியர்பாக்ஸ் போய்விட்டது. பட்டறைக்காரர் சொன்ன தொகை அவள் கைச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. "மிஸ்ஸிக்காகத் தவணையா வாங்கிக்கிறேன்" என்றார். அது பெரிய உதவிதான். ஆனால் கட்டியாக வேண்டிய இன்னொரு தவணை.

அப்போதுதான் சந்திரகலாவைக் கூப்பிட்டாள்.

சந்திரகலா அவளோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள். ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்தாள். இப்போது பிரிக்பீல்ட்ஸில் மாலைக் கடைக்கு மேலே ஓர் அறை, வாசலில் வாழைமர ஸ்டிக்கர், உள்ளே குளிர்சாதனம். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஆள் அனுப்பும் வியாபாரம். தாய்க்கு எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணி ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மருந்துக் குழம்பு வைத்துக் கொடுப்பது. உறவுக்காரர் பக்கத்தில் இல்லாதவர்கள் பெருகிவிட்ட ஊரில் அவளுக்கு வாடிக்கைக்குப் பஞ்சமில்லை. லைசென்ஸ் உள்ள மிட்வைஃப் வருவாள் என்றால் விலை இன்னும் கூடும்.

"சனி ஞாயிறு மட்டும் வா போதும். மத்த நாளைக்கு லெட்சுமி இருக்கா" என்றாள் சந்திரகலா.

"மேலிடத்துல அனுமதி வாங்கணும் கலா. கேட்டா குடுக்க மாட்டாங்க."

"அப்போ கேக்காத."

"மாட்டிக்கிட்டா வேலையே போயிரும். பென்ஷன் போயிரும்."

"யாரு போய்ச் சொல்லப் போறா? பங்சார் காண்டோ மாடி வீட்டுல உன் மேட்ரன் வந்து கதவு தட்டப் போறாங்களா?"

உஷாராணி மேசைமேல் இருந்த விலைப்பட்டியலைத் திருப்பினாள். ஆக விலை கூடியதற்குப் பேர் பாரம்பரிய பேக்கேஜ். படத்தில் ஒரு குழந்தை பொன்னிறத்தில் மின்னியது.

"இதுல புள்ளைக்கு மஞ்சள் போடணுமா?"

"அதுக்குத்தானே காசு குடுக்கிறாங்க."

"நான் போட மாட்டேன். வாரம் பூரா கம்பத்துல அதுக்குத்தான் சண்ட போட்டுக்கிட்டுத் திரியறேன்."

"சரி, போடாத. சாதா பேக்கேஜ்ல அனுப்பறேன். அதுல உனக்குப் பாதிதான்."

உஷாராணி யோசித்தாள். பட்டறைக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் தவணை தவணைதான். கடைசியில் தனக்குத் தானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டாள். முதலில் பிள்ளையை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். பிறகு போட்டுவிடலாம். டிசம்பர் முழுக்க, லெட்சுமிக்கு முன்னால் அவளே போன மூன்று வீடுகளில், அந்த நிபந்தனை நன்றாகவே வேலை செய்தது.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பங்சாரில் புது வீடு. கார்த்திகா, முகுந்தன் தம்பதி. கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் வந்தவர்கள், இரண்டு பேரும் கணினித் துறை. கார்த்திகாவின் அம்மாவுக்கு விசா தாமதமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் குழந்தை, புதன்கிழமை வீட்டுக்கு வந்திருந்தது.

வரும் வழியில் நெடுஞ்சாலையில் விபத்து. உஷாராணி வந்து சேரும்போதே தாமதம். அடுத்த வீடு பூச்சோங்கில், பதினொரு மணிக்கு.

"வாங்க சிஸ்டர்" என்றாள் கார்த்திகா. அங்கிருந்து வந்தவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உங்களத்தான் எதிர்பார்த்துட்டே இருந்தேன். ஆஸ்பத்திரில, வீட்டுக்கு கவர்மெண்ட் நர்ஸ் வந்து பாக்கணுமான்னு கேட்டாங்க. எங்களுக்கு மிட்வைஃபே புக் பண்ணியிருக்கோம்னு சொல்லிட்டேன்."

உஷாராணி சிரித்து வைத்தாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து மூக்கை அழுத்தினாள். மஞ்சள். நெஞ்சை அழுத்தினாள். மஞ்சள்.

"லெட்சுமி நேத்து மஞ்சள் போட்டாங்களா?"

"நேத்தும் போட்டாங்க, பொங்கலன்னிக்கும் போட்டாங்க. தங்கச் சிலை மாதிரி இருக்கான்னு எங்க அம்மா வீடியோல பாத்து அழுதுட்டாங்க."

அவளுடைய நிபந்தனை, பூசுவது அவள் ஒருத்தி மட்டும் என்றால்தான் நிற்கும். லெட்சுமி இரண்டு நாள் முந்திக்கொண்டுவிட்டாள். இனி எண்ணெய் வைத்துத் துடைக்க வேண்டும், ஈறை அழுத்திப் பார்க்க வேண்டும், பிள்ளையை எழுப்பிக் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். மலர்விழி வீட்டில் என்றால் ஈரத்துணி கேட்டிருப்பாள். இங்கே மணியைப் பார்த்தாள். லெட்சுமியின் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தாள்.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

கால்களை நீட்டிக் குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள். துடைத்தாள். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து, அந்த மஞ்சளின் மேலேயே பூசினாள்.

பூச்சோங் வீட்டுப் பிள்ளை ஆண். தண்ணீர் பட்டதும் எடுத்தது பாருங்கள் ஒரு குரல். முகம் சிவந்து, முஷ்டி இறுகி, அடுத்த மாடிக்குக் கேட்கும்படி கத்தியது. "அப்பா மாதிரியே, தொட்டாலே சண்டை" என்று தாய் சிரித்தாள். உஷாராணியும் சிரிக்கப் போனாள். வாய் பாதியில் நின்றுவிட்டது.

பங்சார் பிள்ளை அழவில்லை.

தலையில் தண்ணீர் ஊற்றியபோதும் அழவில்லை. மூக்கைப் பிடித்துவிட்டபோதும் அழவில்லை. தன் கால்மேல் அது துணி மாதிரி கிடந்தது இப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளையை ஈரத்தோடு தாயின் கையில் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கார்த்திகாவைக் கூப்பிட்டாள்.

"பாப்பா பால் குடிச்சாளா?"

"இல்ல சிஸ்டர், நீங்க குளிப்பாட்டினதுலேர்ந்து நல்லா தூங்கறா. சமத்து. நேத்திலேர்ந்தே தூக்கம்தான்."

"எழுப்புங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு? நீங்கதானே காலைல நல்லா இருக்கான்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். கெளம்புங்கம்மா."

அந்தப் பக்கம் முகுந்தனின் குரல், என்ன, என்ன என்று. லெட்சுமி அக்காவிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. உஷாராணி காடியை எடுத்தாள். போய்க்கொண்டிருக்கும்போதே சந்திரகலா அழைத்தாள்.

"உனக்குக் கிறுக்கா? கஸ்டமர் எனக்கு போன் போட்டு அழறாங்க."

"காமாலை கலா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா காலையில சொல்லியிருக்கணும். இப்போ நீ போய் என்ன செய்யப் போறே? அவங்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டும், நீ பேசாம வீட்டுக்குப் போ. இல்லாட்டி, கேட்டா சொந்தக்காரின்னு சொல்லு. உன் பேரு வெளிய வந்துச்சு, நீ முடிஞ்சே. நானும் முடிஞ்சேன்."

அது உண்மை என்று உஷாராணிக்குத் தெரியும். பத்தொன்பது வருடம், அதற்குப் பிறகு வரவேண்டிய பென்ஷன், கடன், வாடகை, திருச்செல்வத்தின் இடுப்பு, வாணியின் படிப்பு எல்லாம் அந்த ஒரு வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பங்சாருக்குப் பிரியும் வழி வந்தது. நேரே போனால் கூட்டரசு நெடுஞ்சாலை, கிள்ளான், வீடு. அவள் பிரிந்தாள்.

கதவைத் திறந்த முகுந்தனிடம் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். பஞ்சில் எண்ணெய் நனைத்துப் பிள்ளையின் நெற்றியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். பஞ்சு மாற்றி மாற்றித் துடைத்தாள். கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. குழந்தை மஞ்சளாகவே இருந்தது. நெஞ்சு, வயிறு, முழங்கால். உள்ளங்காலை அழுத்தினாள். அங்கேயும் மஞ்சள். இமையை விரலால் பிரித்தாள். கண்ணின் வெள்ளை எலுமிச்சை நிறத்தில் இருந்தது.

"ஐயோ" என்றாள் கார்த்திகா. "சிஸ்டர், இது நீங்க போட்டதுதானே? சொல்லுங்க, நீங்க போட்டதுதானே?"

"போட்டதெல்லாம் தொடச்சிட்டேன்மா. இது உள்ள இருக்கிறது. காடிய எடுங்க தம்பி."

அரசாங்க மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவில் பிள்ளையை வாங்கி நீல விளக்கின் கீழ் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மேலும் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். முகுந்தன் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

இளம் பெண் டாக்டர் ஒருவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். எப்போதிலிருந்து மஞ்சளாக இருக்கிறது? வீட்டில் யார் பார்த்தது?

"இன்னிக்கு மத்தியானம்தான் பாத்தோம்" என்றான் முகுந்தன் ஆங்கிலத்தில். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் உஷாராணியைப் பார்த்தார். "நீங்க?"

சொந்தக்காரி என்று சொல்ல ஒரு விநாடி போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் மத்தியானம் என்பது பொய். காலையிலேயே நெஞ்சு வரை மஞ்சள். முந்தின நாளிலிருந்தே பால் குடிக்காத தூக்கம். மூளைக்கு ஏற எத்தனை நேரம் கிடைத்திருக்கிறது என்பதுதான் அந்த டாக்டருக்கு வேண்டியது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். அதைச் சொன்னால், பார்த்தும் விட்டுவிட்டாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"நான் சமூக நர்ஸ்" என்றாள். தன் பேரையும் கிளினிக்கையும் சொன்னாள். "காலையிலேயே மஞ்சளா இருந்துச்சு. பூசின மஞ்சள்னு நினைச்சேன். ரெண்டு நாளா பூசியிருக்காங்க. நானும் அதுக்கு மேல பூசினேன். குளிப்பாட்டும்போது பிள்ளை அழல."

டாக்டரின் முகத்தில் கோபம்கூட வரவில்லை. எழுதிக்கொண்டே போனவர், நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "பங்சாரிலா? உங்க கிளினிக் காப்பார்தானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா டாக்டர்."

கார்த்திகா அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். பிரசவித்து நாலு நாள் ஆன உடம்பு, நடக்கும்போது ஒருபக்கமாகச் சாய்ந்தது. தையலைப் பார்க்க வேண்டும் என்று உஷாராணிக்குத் தோன்றியது. எழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது திருச்செல்வம் ஊன்றுகோலோடு வாசலில் நின்றான். எல்லாவற்றையும் கேட்டான்.

"சொந்தக்காரின்னு சொல்லியிருக்கலாமே உஷா."

"சொல்லியிருக்கலாம்."

"இனி என்ன பண்றது?"

வாணி சமைத்து வைத்திருந்த சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சந்திரகலா அந்த வார இறுதியின் கூலியை அனுப்பவில்லை. உஷாராணியும் கேட்கவில்லை. பட்டறைக்காரர் புதன்கிழமை வழியில் பார்த்து, "என்ன மிஸ்ஸி, இந்த வாரம் மறந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

மேலிடத்திலிருந்து கேள்வி வரும்வரை அவள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். மலர்விழியின் பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போட்டாள். தூக்கிக்கொண்டு வந்த தங்கமணி, "பாருங்க மிஸ்ஸி, மஞ்சளே தொடறதில்ல இப்போ. நீங்க சொன்னா சொன்னதுதான்" என்றாள் பெருமையாக. உஷாராணி ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

பங்சார் குழந்தை பிழைத்துக்கொண்டது. ரத்தம் மாற்றி, பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காமாலை காதைப் பாதித்திருக்கிறதா, சரியாகக் கேட்கிறதா என்பது ஏப்ரலில் செய்யும் சோதனையில்தான் தெரியும். உஷாராணி மீதான இலாகா விசாரணை அதற்கு முன்பே, மார்ச் ஒன்பதாம் தேதி காலை, கிள்ளானில்.